வேர்களும் விழுதுகளும் – 9: நஷ்டஈட்டு மனுவில் ஒரு வீடு

சென்ற வாரம் தோட்டத்துச் செக்ரோல் புத்தகங்களைப் பற்றி எழுதியிருந்தேன். அவற்றில் ஆளின் பெயர் உண்டு, வேலை செய்த நாள் உண்டு, கூலி உண்டு. அந்த ஆள் மாலையில் திரும்பிப்போன வீட்டில் என்ன இருந்தது என்பதற்கு மட்டும் ஒரு வரிகூடக் கிடையாது. பெரிய மனிதர்களுக்கு உயில் இருக்கிறது, பாகப் பத்திரம் இருக்கிறது. நாவிதரும், சலவைத் தொழிலாளியும், சில்லறைக் கடைக்காரரும், ரயில்வேச் சிப்பந்தியும் வாயைக் கட்டி வயிற்றைக் கட்டிச் சேர்த்த பித்தளை அண்டாவையும், தையல் யந்திரத்தையும், மனைவியின் கழுத்துச் சங்கிலியையும் கணக்கெடுத்து எழுதி வைக்கவேண்டும் என்று சாதாரண காலத்தில் எந்தச் சர்க்காருக்கும் தோன்றுவதில்லை. மலாயாவில் அத்தகைய கணக்கு பெரும் அளவில் எழுதப்பட்ட சந்தர்ப்பம், அந்தப் பொருள்களெல்லாம் பறிபோன பிற்பாடுதான் வந்தது. ஜப்பானிய யுத்தத்தில் இழந்த சொத்துக்கு ஈடு கோரி ஜனங்கள் கொடுத்த மனுக்களைச் சொல்கிறேன். ஜொகூரில் தம் குடும்பத்தின் சரித்திரத்தைத் தேடுகிறவர்களுக்கு அவற்றைப்போல நெருக்கமான ஆதாரம் வேறு அதிகம் இல்லை என்பது என் அபிப்பிராயம்.

1941 டிசம்பர் 8ஆம் தேதி கோத்தா பாருவில் கரையேறிய ஜப்பானியப் படை, ஐந்தாறு வாரங்களுக்குள் ஜொகூரின் வாசலுக்கு வந்துவிட்டது. 1942 ஜனவரி 14ஆம் தேதி கிம்மாஸுக்கு அருகில் ஆஸ்திரேலியர் பதுங்கியிருந்து தாக்கினார்கள். இரண்டே நாளில் மூவார் பறிபோயிற்று. பக்ரியிலிருந்து பாரிட் சூலோங் வரையிலான சாலையில் ஆஸ்திரேலியரும் இந்தியரும் கூட்டம் கூட்டமாக மடிந்தார்கள். பத்து பகாட், குளுவாங், ஆயர் ஈத்தாம் ஆகிய ஊர்கள் மாதக் கடைசி வாரத்துக்குள் விழுந்தன. 31ஆம் தேதி, எஞ்சிய பிரிட்டிஷ் படை சிங்கப்பூருக்குள் ஒதுங்கிக்கொண்டு, கடற்பாலத்தில் வெடிவைத்துப் பிளவு உண்டாக்கியது. இவ்வளவும் பதினெட்டு நாளில் நடந்தது. எதிரியின் கைக்குப் போகக்கூடாது என்று பின்வாங்கியவர்கள் ரப்பர்க் கிடங்குகளைக் கொளுத்தினார்கள். முன்னேறி வந்தவர்கள் சைக்கிளையும் அரிசியையும் பிடுங்கிக்கொண்டார்கள். ஒரு கொடி இறங்கி மற்றொரு கொடி ஏறாத அந்த இடைவேளையில், கேட்பாரற்றுக் கிடந்த கடைகளும் வீடுகளும் சூறையாடப்பட்டன. கட்டிய துணியோடு ரப்பர்க் காட்டுக்குள் ஓடிய குடும்பம், சில நாள் கழித்துத் திரும்பியபோது கண்டது வெறும் சுவரை.

1945 செப்டம்பரில் பிரிட்டிஷார் திரும்பி வந்தபின், இழந்ததை எழுதிக் கொடுக்கும்படி ஜனங்களிடம் சொல்லப்பட்டது. பேச்சிலும் கடிதப் போக்குவரத்திலும் சில வருஷங்கள் கழிந்தன. 1940களின் கடைசியில் சட்டம் செய்து, மலாயாக் கூட்டரசுக்கும் சிங்கப்பூருக்கும் பொதுவாக யுத்த நஷ்ட ஆணையம் ஒன்றை அமைத்தார்கள். கோரிய தொகைக்கும் கொடுக்க இருந்த தொகைக்கும் ஏணி வைத்தாலும் எட்டாது. ஆகவே கிடைத்தது ஒரு பங்குதான், அதுவும் தவணை தவணையாக. அந்தப் பணம் எந்நாளோ செலவழிந்துபோயிற்று. அதைக் கேட்டு எழுதிய காகிதம்தான் இன்று நமக்குப் பிரயோஜனப்படுகிறது.

நஷ்டஈட்டு மனு எதுவாயினும் சில கேள்விகளுக்குப் பதில் சொல்லியாக வேண்டும். நீ யார், யுத்தத்துக்கு முன் எங்கே குடியிருந்தாய், இப்போது எங்கே இருக்கிறாய், என்ன தொழில், எந்தப் பொருள், என்ன விலை, எந்த நாளில் எவ்விதம் போயிற்று, உனக்குச் சாட்சி யார்? ரெங்கத்தில் கடை வைத்திருந்த ஒருவர் இதற்கெல்லாம் பதில் எழுதியிருப்பதாக வைத்துக்கொள்வோம். முந்தைய விலாசமும் பிந்தைய விலாசமும் அந்தக் குடும்பம் யுத்தத்தில் எந்தத் திசையில் சிதறிற்று என்பதைக் காட்டும். இரண்டு கட்டிலும் ஒரு தொட்டிலும் பட்டியலில் இருந்தால், பிறப்புப் பதிவில் அகப்படாத ஒரு குழந்தை அந்த வீட்டில் இருந்திருக்கலாம் என்று தேடத் தொடங்கலாம். ஆர்மோனியம் என்றோ மிருதங்கம் என்றோ ஒரு வரி வந்தால், வீட்டில் பாடத் தெரிந்தவர் யார் என்று பாட்டியைக் கேட்க ஒரு கேள்வி கிடைக்கும். சாட்சிக் கையெழுத்தை அநேகர் கவனியாமல் விட்டுவிடுகிறார்கள். அது பெரிய தவறு. சாட்சி சொல்ல முன்வருகிறவர் பக்கத்துக் கடைக்காரராகவோ, மைத்துனராகவோ, ஒரே கிராமத்திலிருந்து ஒரே கப்பலில் வந்தவராகவோதான் பெரும்பாலும் இருப்பார். அவருடைய பெயரைப் பிடித்துக்கொண்டு போனால் தமிழ்நாட்டில் உள்ள பூர்வீக ஊருக்கே வழி கிடைப்பது உண்டு.

தேதியை யுத்தத்தின் போக்கோடு ஒத்திட்டுப் பார்ப்பது அவசியம். ஜனவரி 16க்கு முன் மூவாரில் நேர்ந்த நஷ்டம் என்றால் குண்டுவீச்சையோ பின்வாங்கிய படையையோ காரணமாக எண்ணலாம். அதே மூவாரில் மாதக் கடைசி என்றால் கொள்ளை என்றோ புதிய எஜமானர்களின் பறிமுதல் என்றோ கொள்ளவேண்டும். லாயாங் லாயாங் பக்கத்தில் ரயில் பாலம் தகர்ந்து, ஓர் இந்தியப் படைப்பிரிவே தனித்து விடப்பட்டுக் காட்டில் அலைந்தது ஜனவரிக் கடைசியில். அந்தச் சுற்று வட்டாரத்துத் தோட்டங்களில் வீட்டைவிட்டு ஓடியவர்களின் கதைகள் அந்த மூன்று நான்கு நாளைச் சுற்றியே நிற்கும்.

பெயர்கள் விஷயத்தில் பொறுமை வேண்டும். தமிழில் சொன்ன பெயரைத் தமிழறியாத குமாஸ்தா காதில் விழுந்தபடி எழுதினார். ஆகவே முனியாண்டி ஒரு தாளில் ஒரு விதமாகவும் மறுதாளில் வேறு விதமாகவும் நிற்பார், பல இடங்களில் தகப்பனார் பெயரே தனி ஆளாக உருவெடுத்து நிற்கும். செட்டியார்களைத் தேடுகிறவர்கள் பெயரைவிட, பெயருக்கு முன் வரும் ‘விலாசம்’ என்கிற முதலெழுத்துக்களைத்தான் முதலில் பார்க்கவேண்டும். இதற்குமேல் ஜொகூருக்கே உரிய சங்கடம் ஒன்று உண்டு. பழைய சமஸ்தானத் தஸ்தாவேஜுகள் பலவும் ஜாவி எழுத்தில், ஹிஜ்ரி ஆண்டு போட்டு எழுதப்பட்டவை. மனுவோடு இணைத்த நிலப்பத்திரம் அப்படி இருந்தால், ஜாவி படிக்கத் தெரிந்த மலாய் நண்பர் ஒருவரின் துணையை நாடுவதே நல்லது. ஆக்கிரமிப்புக் காலத்து ரசீதில் 2603 என்று கண்டு திகைக்க வேண்டாம். அது ஜப்பானிய ஆண்டுக்கணக்கு, நமக்கு 1943.

இனி, இந்தப் பதிவுகளில் யார் இல்லை என்பதையும் சொல்லியாக வேண்டும். சொல்லாமல் விட்டால் அது அநியாயம். ஈடு, சொத்துக்கு மாத்திரமே. சயாம்–பர்மா ரயில் பாதை 415 கிலோமீட்டர். 1942 மத்தியில் தொடங்கி 1943 அக்டோபரில் முடிந்தது. அதற்கு மலாயாவிலிருந்து கொண்டுபோகப்பட்டவர்கள் 75,000 பேருக்கும் மேல்; அவர்களில் பெரும்பாலோர் தோட்டத்துத் தமிழர். பால்மரக் காட்டிலிருந்து லாரியில் ஏற்றப்பட்டு, காலராவிலும் பசியிலும் செத்து, பெயர் எழுதப்படாமல் புதைக்கப்பட்டவனுக்கு மனுவில் நிரப்ப ஒரு கட்டமும் இல்லை. அவன் குடியிருந்த லயமும் அவனுடையதல்ல, துரையுடையது. தோட்டக் கம்பெனி கொடுத்த மனுவில் லயத்தின் தகரக் கூரை இடம்பெறலாம், புகைக்கூடம் இடம்பெறலாம், ரப்பர்த் தாள் உருட்டும் யந்திரம் இடம்பெறலாம். கூரையின் கீழ் இருந்தவர்கள் இடம்பெற மாட்டார்கள். ஆயினும் அந்தக் கம்பெனி மனுவை ஒதுக்கிவிடாதீர்கள். எந்த லயம் எரிந்தது, எது காலியாகக் கிடந்தது என்பதிலிருந்து, உங்கள் தாத்தா ஏன் ஒரு தோட்டத்தில் பிறந்து மற்றொரு தோட்டத்தில் வளர்ந்தார் என்ற கேள்விக்கு விடை கிடைக்கக்கூடும்.

நகைகளின் கதையும் இப்படிச் சிக்கலானதுதான். 1943 ஜூலையில் சுபாஷ் சந்திர போஸ் சிங்கப்பூர் வந்து சேர்ந்தபின், இந்திய சுதந்திரப் போராட்டத்துக்காக மலாயாவெங்கும் தமிழ்ப் பெண்கள் வளையலையும் சங்கிலியையும் கழற்றிக் கொடுத்தார்கள். அவர்கள் மனமுவந்து கொடுத்தது அது. கொள்ளை போன கணக்கில் சேராது. ஆகவே, பட்டியலில் நகை இல்லை என்பதைக்கொண்டு வீட்டில் நகையே இருக்கவில்லை என்று முடிவு கட்டிவிடக் கூடாது.

கேட்கும்போது ஜனங்கள் கூட்டித்தான் கேட்பார்கள் என்பதையும் மனத்தில் வைக்கவேண்டும். விலையை அப்படியே நம்பவேண்டாம். பொருளின் பெயரை நம்புங்கள். இத்தகைய மனுக்களின் பயனுக்கு வெளிநாட்டு உதாரணம் ஒன்று சொல்கிறேன். அமெரிக்காவில் உள்நாட்டு யுத்தம் முடிந்தபின், 1871இல் அமைந்த தெற்கத்திக் கோரிக்கை ஆணையத்துக்கு ஈடு கோரி 22,298 மனுக்கள் வந்தன. தொகை அளவில் பார்த்தால் கொடுக்கப்பட்டது மிகச் சொற்பம். ஆயினும், அடிமையாயிருந்தவர்கள் எஜமானனுடைய சொத்தைப் பற்றியும் தங்கள் சொத்தைப் பற்றியும் சொன்ன சாட்சியங்கள் அதில் இருப்பதனால், கறுப்பின மக்கள் தங்கள் முன்னோரைத் தேடும்போது இன்று அந்தக் கட்டுகளையே புரட்டுகிறார்கள். நிராகரிக்கப்பட்ட மனுக்களிலும் சாட்சியங்கள் உண்டு. எனவே அவற்றிலும் செய்தி கிடைக்கும். இங்கும் தேடுகிறவர்கள் இதை நினைவில் கொள்ளட்டும்.

தேடவேண்டிய இடங்களில் முதன்மையானது கோலாலம்பூரில் உள்ள அர்க்கிப் நெகாரா என்னும் தேசிய ஆவணக் காப்பகம். ஜொகூர் பாருவிலும் அதன் கிளை இருக்கிறது. ஆராய்ச்சியாளராகப் பதிவு செய்துகொண்டு போனால், யுத்த நஷ்டம் குறித்த கோப்புகளையும், மாவட்ட அலுவலகக் கோப்புகளையும், நிலக் கடிதங்களையும் கேட்டுப் பார்க்கலாம். பெயரைக் கொண்டு தேடி ஒன்றும் கிடைக்காவிட்டால், ஊரைக் கொண்டும் தோட்டத்தைக் கொண்டும் தேடுங்கள். மனு எழுதப்பட்ட ஆண்டுகளின் தமிழ் முரசு, தமிழ் நேசன் பத்திரிகைகளையும் பக்கத்தில் வைத்துக்கொண்டால், மனுவில் ஒற்றை வரியாக நிற்கும் சம்பவம் விரிவாக அகப்படலாம்.

அதற்கு முன் வீட்டிலேயே செய்யக்கூடிய காரியம் ஒன்று இருக்கிறது. பழைய டிரங்குப் பெட்டியின் அடியில் ரசீதோ, எண் போட்ட துண்டுக் காகிதமோ, ஜப்பானியர் காலத்து வாழைமர நோட்டோடு மடித்து வைத்த கடிதமோ இருந்தால் குப்பையில் போட்டுவிடாதீர்கள். கோப்பு எண் அதில் இருக்கலாம். சயாமுக்குப் போய்த் திரும்பாதவர்கள் உங்கள் குடும்பத்தில் இருந்தால், அவர்களுடைய பெயர், தகப்பனார் பெயர், தோட்டத்தின் பெயர், எந்தக் கங்காணியின் கீழ் வேலை செய்தார்கள் என்ற விவரம் ஆகியவற்றை, ஞாபகம் உள்ளவர்கள் உயிரோடு இருக்கும்போதே கேட்டு எழுதி வையுங்கள். அவர்களுக்காக யுத்த நஷ்ட ஆணையம் மனு வாங்கவில்லை. எழுத வேண்டியவர்கள் நாம்தான்.