மூன்று அங்குல மரமும் ஒரு வாளித் தண்ணீரும்

வாசக்காலுக்கென்று வாங்கிய ஐந்துக்கு மூன்று அங்குல வேங்கைச் சட்டம். மேலே ஒரு கீறல்கூட இல்லை. கீழ்முனையில் அரை அடி கூடுதலாக இருக்கிறதென்று ஆசாரி அறுத்துத் தள்ளுகிறார். விழுந்த துண்டின் முகத்தைப் பார்த்தால், நடுவில் கண் இமை திறந்தாற்போல் ஏழெட்டுப் பிளவுகள். மீட்டரை வைத்தால் ஈரம் 12 சதவீதம்தான் காட்டும். மரம் காய்ந்துதான் இருக்கிறது. அதைக் காயவைத்த விதம்தான் தப்பு.

மரவாடியில் பச்சை மரம் வாங்கி ஏமாறுவது பழைய கதை. கொல்லையில் ஒரு சிறு அறையை அடைத்து, உள்ளே டீஹியூமிடிஃபயர் மெஷினும் இரண்டு மின்விசிறியும் வைத்துத் தாங்களே காயவைத்துக்கொள்வது புது வழி. வழி நல்லதுதான். காற்றின் ஈரத்தை மெஷின் தண்ணீராக்கிக் குழாய் வழியே வெளியேற்றும், வறண்ட காற்று மறுபடி மரத்தின் மேல் ஓடும், விறகும் வேண்டாம் கொதிகலனும் வேண்டாம். ஒரு அங்குலப் பலகைக்கு இது கைகொடுக்கும். இரண்டு, மூன்று அங்குலக் கடின மரத்துக்கு வரும்போதுதான் பணமும் மரமும் வீணாகின்றன, சில நேரம் வீடே ஆபத்துக்குள்ளாகிறது.

பச்சை மரத்தில் தண்ணீர் இரண்டு இடங்களில் இருக்கிறது. நார்க்குழல்களின் உள்வெளியில் நிற்பது ஒன்று, அவற்றின் சுவரிலேயே ஊறியிருப்பது மற்றொன்று. முதல் வகை வெளியேறும்போது மரம் சுருங்குவதில்லை. ஈரம் சுமார் 30 சதவீதத்துக்குக் கீழே இறங்கிய பிறகே சுருக்கம் தொடங்கும். மேல்தோல் அந்த நிலைக்கு முதலில் வந்துவிடும். அது சுருங்கப் பார்க்கும், உள்ளே பச்சையாக இருக்கும் மரம் விடாது. இந்த இழுபறியில் மேல்தோல் வெடிக்கும், அல்லது இழுபட்ட நிலையிலேயே விறைத்துப்போகும். சில வாரங்கள் கழித்து உள்மரம் காய்ந்து சுருங்கும்போது, விறைத்த தோல் இடம் கொடுக்காது. அப்போது மரம் உள்ளுக்குள்ளேயே பிளக்கும். அவசரப்பட்டது முதல் வாரத்தில், வெளியே தெரிவது கடைசி நாளில்.

பருமன் இரட்டித்தால் காயும் நேரம் இரட்டிப்பதோடு நிற்பதில்லை, அதற்கும் மேலே போய்விடும். அமெரிக்காவில் ஓக் மரத்துக்குப் பல்லாண்டு அனுபவத்தில் வகுத்த கணக்கு இதைத் தெளிவாகக் காட்டும். ஒரு அங்குல வெள்ளை ஓக் பலகை நாளொன்றுக்கு 2.5 சதவீதம் வரை ஈரம் இழக்கலாம், இரண்டு அங்குலமானால் 1 சதவீதம்தான். அதற்கு மேல் போனால் வெடிப்பு. கருவேலம், வாகை போன்ற நம் ஊர்க் கடின மரங்களைத் தடிமனாகக் காயவைப்பவர்களும் இந்த 1 சதவீதத்தை மேல்வரம்பாக வைத்துக்கொண்டு, அதற்கும் கீழே போவதே நல்லது.

இதை வாளியால் அளக்கலாம். இருபது கன அடி தேக்கு இருக்கிறதென்று வைத்துக்கொள்வோம். தண்ணீரைக் கழித்தால் அதன் எடை ஏறத்தாழ 310 கிலோ. ஈரத்தை 60 சதவீதத்திலிருந்து 12-க்கு இறக்க, கிட்டத்தட்ட 150 லிட்டர் தண்ணீர் வெளியே வரவேண்டும். நாளுக்கு 1 சதவீதம் என்றால் 3 லிட்டர், அதாவது கால் வாளிகூட இல்லை. கடையில் கிடைக்கும் மெஷினோ நாளுக்கு 20 லிட்டர் எடுக்கும் என்று அட்டையில் போட்டிருக்கும். வாங்குபவர் அதைப் பெருமையாக நினைக்கிறார், மரத்துக்கு அதுதான் எமன். டைமர் வைத்து மெஷினை நாளில் சில மணி நேரமே ஓடவிட்டு, வாளியைத் தினமும் அளந்து நோட்டில் எழுதிவருவதுதான் இந்த வேலையின் உயிர். அறுத்த அன்றே மரத்தின் இரு முனைகளிலும் மெழுகோ கெட்டியான பெயிண்ட்டோ பூசவேண்டும். அடுக்குகளுக்கிடையே முக்கால் அங்குல ரீப்பர்களை ஒன்றன்மேல் ஒன்று நேர்க்கோட்டில் வைக்கவேண்டும். ரீப்பர் விலகிய இடத்தில் பலகை வளையும்.

இனி, உயிருக்கு ஆபத்தானவை.

வீட்டு உபயோக டீஹியூமிடிஃபயர், மனிதர் வசிக்கும் அறைக்காகச் செய்யப்பட்டது. பெரும்பாலானவை 35 டிகிரிக்கு மேல் ஓடுவதற்கானவை அல்ல. மரத்திலிருந்து கிளம்பும் அமில ஆவி உள்ளே இருக்கும் செம்புக் குழாய்களை அரிக்கும், மரத்தூள் வடிகட்டியை அடைக்கும். சாதாரண வீடுகளிலேயே இவை தீப்பிடித்ததுண்டு. புகைந்து தீப்பற்றும் அபாயத்தால் சுமார் 22 லட்சம் டீஹியூமிடிஃபயர்கள் திரும்பப் பெறப்படுவதாக அமெரிக்க நுகர்பொருள் பாதுகாப்பு ஆணையம் 2013 செப்டம்பரில் அறிவித்தது. மூடிய அறையில், காய்ந்த மரத்துக்கு நடுவே, இரவு பகலாக அப்படியொரு மெஷின் ஓடுவதை நினைத்துப் பார்க்கவேண்டும். சூடு தப்பாமலிருக்கச் சுவரில் ஒட்டும் தெர்மாகோல் இன்னொரு வினை. பற்றினால் கரும்புகையோடு உருகி எரியும். அதைத் திறந்தபடி விடாமல் சிமென்ட் பலகையால் மூடியாகவேண்டும். அறைக்குத் தனி வயரிங், மின்கசிவைத் துண்டிக்கும் 30 மில்லி ஆம்பியர் ஆர்.சி.சி.பி., சூடு எல்லை மீறினால் மின்சாரத்தைத் துண்டிக்கும் தெர்மோஸ்டாட், புகை அலாரம் ஆகிய நான்கும் இல்லாமல் ஸ்விட்ச் போடவே கூடாது. எக்ஸ்டென்ஷன் பாக்ஸில் செருகி ஓட்டுவது சாவுக்கு அழைப்பு.

காய்ந்துவிட்டால் உளு வராது என்ற நம்பிக்கையும் தவறு. காய்ந்த மரத்தின் வெள்ளைப் பகுதியைத்தான் தூள்வண்டு தேடி வரும். ஏற்றுமதிப் பெட்டிகளுக்கான சர்வதேச விதிப்படி, உள்ளிருக்கும் பூச்சி சாக மரத்தின் மையமே 56 டிகிரியில் 30 நிமிடம் இருக்கவேண்டும். அதற்கு வெகு கீழான சூட்டில் ஓடும் வீட்டு அறையில் அது நடக்காது. பச்சையாக இருக்கும்போதே போரிக் அமிலம், போராக்ஸ் கரைசலில் ஊறவைப்பதோ வெள்ளையைச் சீவி எறிவதோதான் வழி. கடின மரத்தூளைப் புற்றுநோய் உண்டாக்கும் பொருளென்று சர்வதேசப் புற்றுநோய் ஆய்வு அமைப்பு 1995-லேயே வகைப்படுத்திவிட்டது. அறுக்கும்போதும் இழைக்கும்போதும் முகக்கவசம் கட்டாயம்.

சொந்த அறையில் காசு வாங்கிக்கொண்டு பிறர் மரத்தைக் காயவைப்பவர் மின் இணைப்பைக் கவனிக்கவேண்டும். வீட்டு இணைப்பில் தொழில் நடத்தினால், மின்சாரச் சட்டம் 2003-இன் 126-ஆம் பிரிவின்கீழ் உரிய கட்டணத்தைப்போல் இரு மடங்கு விதிக்கலாம். அந்த மதிப்பீடு தவறென்றால், இறுதி உத்தரவிலிருந்து 30 நாளுக்குள், தொகையில் பாதியைக் கட்டி மேல்முறையீடு செய்ய 127-ஆம் பிரிவு இடம் தருகிறது. சொந்தப் பட்டா நிலத்து மரமானாலும் வெட்டுவதற்கு முன் வனச்சரக அலுவலகத்தில் கேட்டுவிடுவது நல்லது. சந்தனம் போன்றவற்றுக்கு அனுமதி வேண்டும், மரத்தை லாரியில் ஏற்றிச் செல்லவும் தமிழ்நாட்டில் 1968 முதல் தனி விதிகள் உள்ளன.

காய்ந்த மரமென்று சொல்லி விற்றது முறுக்கிக்கொண்டால், அல்லது காயவைக்கக் கொடுத்த மரம் உள்ளே பிளந்து திரும்பினால், நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் 2019 துணை நிற்கும். முதலாவது குறைபாடுள்ள பொருள், இரண்டாவது சேவைக் குறைபாடு. பில் தர மறுப்பதும், பில்லில் வேறு கெடு இல்லாதபோது குறையுள்ள பொருளை 30 நாளுக்குள் திரும்பப் பெற மறுப்பதும் அச்சட்டப்படி நியாயமற்ற வணிகமுறை. ‘விற்ற பொருள் வாபஸ் இல்லை’ என்ற போர்டைப் பார்த்துப் பயந்து திரும்பவேண்டாம். புகாரைப் பிரச்சினை எழுந்த நாளிலிருந்து இரண்டு ஆண்டுக்குள், தாம் வசிக்கும் மாவட்டத்து ஆணையத்திலேயே கொடுக்கலாம். கொடுத்த விலை 5 லட்சம் ரூபாய் வரை என்றால் கட்டணம் இல்லை. 1915 என்ற எண்ணில் முதலில் ஆலோசனை கேட்கலாம்.

பல ஆசாரிகள் தங்களுக்கு இந்தச் சட்டம் பொருந்தாதென்று விட்டுவிடுகிறார்கள். வியாபாரத்துக்காக வாங்குபவர் நுகர்வோர் அல்லர் என்பது உண்மை. ஆனால் தன் கையால் உழைத்துப் பிழைப்பதற்காக மட்டும் வாங்குபவருக்கு அச்சட்டமே விலக்கு அளித்திருக்கிறது. ஒற்றைப் பட்டறை வைத்திருக்கும் தச்சரும் வழக்குப் போடலாம்.

வழக்கு நிற்பது சாட்சியத்தில். பில்லில் மரத்தின் பெயர், கன அடி, ‘ஈரம் 12 சதவீதத்துக்கு மேல் இல்லை’ என்ற வரி மூன்றும் இருக்கவேண்டும். மீட்டரை மேல்தோலில் குத்திப் பார்ப்பது வீண். மரச் சட்டத்தை நடுவில் அறுத்து, புது முகத்தின் மையத்தில் குத்தவேண்டும். அந்த இடத்திலேயே ஒரு அங்குலக் கனத்தில் ஒரு வில்லை எடுத்து, உடனே எடைபோட்டு, பாலிதீன் பையில் காற்றுப் புகாமல் கட்டி, தேதி எழுதி, விற்றவரின் கையெழுத்தையும் வாங்கி வைத்துக்கொள்ளலாம். அதே வில்லையைப் பின்னர் ஆய்வகத்தில் 103 டிகிரியில் எடை குறையாத வரை காயவைத்து, போன எடையைக் காய்ந்த எடையால் வகுத்தால் உண்மையான ஈரம் தெரிந்துவிடும். இன்னொரு வில்லை எடுத்து முள்கரண்டி மாதிரி வெட்டினால், உள்ளே இறுக்கம் இருக்கும் மரத்தின் இரு பற்களும் ஒன்றையொன்று நோக்கி வளையும். அதையும் அங்கேயே, விற்றவர் நிற்கும்போதே படமெடுத்துக்கொள்ளலாம்.