மண்ணில் இருக்கும் காய்ச்சல்

அரிய நோய் என்றால் இலட்சத்தில் ஒருவருக்கு வருவது என்றுதான் நினைக்கிறோம். எல்லா அரிய நோயும் அப்படியல்ல. தேடிப் பார்க்க ஆளில்லாததாலேயே சில நோய்கள் அரியனவாகிவிடுகின்றன. மெலியோய்டோசிஸ் அந்த வகை.

1911இல் றங்கூன் பொது ஆஸ்பத்திரியில் நோயியலாளராக இருந்த அல்பிரட் விட்மோர், இறந்துபோன ஒருவரின் உடலை அறுத்துப் பார்த்தார். நுரையீரல் கட்டிபட்டிருந்தது, ஈரலிலும் மண்ணீரலிலும் சீழ்க்கட்டிகள். குதிரைகளுக்கு வரும் கிளாண்டர்ஸ் நோயைப் போலத் தெரிந்தது. ஆனால் அந்த மனிதருக்கும் குதிரைக்கும் எந்தத் தொடர்புமில்லை. சீழிலிருந்து வளர்த்த கிருமியோ கிளாண்டர்ஸ் கிருமியைவிட வேகமாக வளர்ந்தது, நகர்ந்தும் திரிந்தது. ஆக, இது வேறொன்று! 1912இல் இதை அறிவித்த கட்டுரையில் விட்மோரோடு சேர்ந்திருக்கும் பெயர் சி. எஸ். கிருஷ்ணசாமி. இந்தப் பெயரை நம்மவர் யாரும் நினைவுகூர்வதாகத் தெரியவில்லை.

அப்படி அறுத்துப் பார்க்கப்பட்டவர்களில் பலர் மோர்பியா ஊசிக்கு அடிமையான ஏழைகள். ஜனாஸாவை நேரத்தோடு அடக்க வேண்டுமென்பதால் போஸ்ட்மோர்ட்டம் என்றாலே நாம் தயங்குவோம். அந்தத் தயக்கம் நியாயமானதுதான். ஆனால் இன்றைக்கு இந்த நோயை அறிய மையித்தை அறுக்கத் தேவையில்லை. ஆள் உயிரோடு இருக்கும்போதே இரத்தத்தை வளர்த்துப் பார்த்தால் போதும். அதைச் செய்கிறோமா என்பதுதான் கேள்வி.

இலங்கையில் முதலாவது நோயாளி 1927இல் பதிவானார். அவர் ஓர் ஐரோப்பியத் தேயிலைத் தரகர். நம் கொழுந்தை விற்றுச் சம்பாதித்தவரென்று சொல்லலாம். பிறகு பல பத்தாண்டுகளாக எப்போதாவது ஒன்றிரண்டு பேர்தான். 2006 முதல் கொழும்பு மருத்துவ பீடத்தில் எனோகா கொரெயாவும் அவரது குழுவினரும் கவனமாகத் தேடத் தொடங்கினார்கள். எண்ணிக்கை நூற்றைத் தாண்டிவிட்டது. நோய் புதிதாக வந்துவிடவில்லை, பார்க்கும் கண்தான் புதிது. உலகளவில் ஆண்டுக்கு 1,65,000 பேருக்கு இது வருவதாகவும் 89,000 பேர் இறப்பதாகவும் 2016இல் வெளிவந்த ஒரு மதிப்பீடு சொல்கிறது.

கிருமி இருப்பது ஈரமண்ணிலும் சேற்றுத் தண்ணீரிலும். காலில் உள்ள சிறு காயம் போதும். மழைக்காற்றோடு மூச்சிலும் போகும். நெல் விளையும் தாழ்நாட்டில்தான் அதிகம் கண்டிருக்கிறார்கள். ஆனால் தொழிலுக்கும் சொந்தபந்தத்துக்கும் கீழே போய்வராத வீடு தலவாக்கலையில் எது? சீனி வருத்தம் உள்ளவர்களையே இது முதலில் பிடிக்கிறது; நோயாளிகளில் பாதிப்பேருக்குமேல் சீனிக்காரர்கள். நீண்டநாள் காய்ச்சலும் இருமலுமாக வந்தால் கசம் என்று நினைத்து மாதக்கணக்கில் கச மருந்தே கொடுத்துவிடுவதும் உண்டு. உடம்பில் அது சும்மா கிடக்கவும் செய்யும். இரண்டாம் உலகப் போரில் கைதியாயிருந்த ஒரு அமெரிக்கருக்கு 62 ஆண்டுகள் கழித்து வெளிப்பட்டிருக்கிறது.

ஆய்வுகூடத்தில் நடப்பதையும் சொல்ல வேண்டும். நிறமூட்டிப் பார்த்தால் இரண்டு முனையிலும் நிறம் ஏறி, சேப்டி பின் போலத் தெரியும். அது மட்டும் போதாது. வளர்ப்புத் தட்டில் சில நாள் விட்டால்தான் சுருக்கம் விழுந்த திட்டுகளாகும். அவசரப்பட்டால் "ஏதோ சூடோமோனாஸ், வெளியிலிருந்து ஒட்டியது" என்று தட்டையே வீசிவிடுவார்கள். ஜென்டாமைசினுக்கும் கொலிஸ்டினுக்கும் அசையாமல் கோ-அமோக்ஸிகிளாவுக்கு மட்டும் அடங்கும் கிருமி என்றால் இதைச் சந்தேகிக்க வேண்டும். சந்தேகம் வர ஒரு துப்பு வேண்டுமே. "வாப்பாவுக்குச் சீனி இருக்கு, போன மாசம் வயல்ல சேத்துல நின்டவர்" என்ற ஒரு வரியை டொக்டரிடம் சொல்வதும், அன்டிபயோட்டிக் ஏற்றுமுன் இரத்தம் எடுத்தாயிற்றா என்று கேட்பதும் வீட்டார் செய்யக்கூடியவை.

சாதாரணக் காய்ச்சலுக்குப் போடும் பெனிசிலின் வகைகள் பல இதற்குக் கேட்காது. செஃப்டாசிடிம் அல்லது மெரோபெனம் குறைந்தது பத்துப் பதினான்கு நாள் நாளத்தில் ஏற்ற வேண்டும். அதன்பின் கோ-ட்ரைமொக்ஸசோல் குளிசை மூன்று மாதம். காய்ச்சல் விட்டதும் குளிசையை நிறுத்தியவர்களிடம் நோய் திரும்பி வருகிறது.