ஒரு சதவீத வரியும் ஒரு செனட்டரின் கணக்கும்

2012ஆம் ஆண்டு ஆகஸ்ட் 7ஆம் தேதி அமெரிக்காவின் கான்சாஸ் மாநிலத்தில் நடந்த உட்கட்சித் தேர்தலில், 2005 முதல் மாநில செனட் சபையின் தலைவராக வீற்றிருந்த ஸ்டீவ் மோரிஸ், தம் சொந்தக் குடியரசுக் கட்சியின் வாக்காளர்களாலேயே தோற்கடிக்கப்பட்டார்; மிதவாதிகள் என்று பெயர் பெற்றிருந்த செனட்டர்கள் பலரும் அவரோடு அதே நாளில் பதவியிழந்தனர். தென்மேற்கு மூலையிலுள்ள ஹியூகோட்டன் என்னும் சிற்றூரைச் சேர்ந்த விவசாயி அவர். விமானப் படையில் விமானியாகப் பணிபுரிந்தவர். ஏறக்குறைய இருபது ஆண்டுக் காலம் மாநிலத்தின் வரவு செலவுக் கணக்கோடு பழகியவர். அப்படிப்பட்டவரை வீழ்த்துவதற்கு, வீடுதோறும் தபால் பெட்டியில் விழுந்த வழவழப்பான அட்டைகளும் இடைவிடாத விளம்பரங்களும் போதுமாயிருந்தன. மிதவாதிகளை எதிர்த்த அந்தப் பிரசாரத்துக்கு மாநில வர்த்தக சபையும், விசிட்டா நகரத்துக் கோக் சகோதரர்களின் ஆதரவு பெற்ற 'அமெரிக்கன்ஸ் ஃபார் பிராஸ்பெரிட்டி' அமைப்பும் துணை நின்றன. அவற்றில் திரும்பத் திரும்ப ஒலித்த குற்றச்சாட்டு ஒன்றே: இவர்கள் வரியை உயர்த்தியவர்கள்.

உயர்த்தியது உண்மைதான். 2010ஆம் ஆண்டு விற்பனை வரியை 5.3 சதவீதத்திலிருந்து 6.3 சதவீதமாக்கிய சட்டம், ஜனநாயகக் கட்சியினரும் குடியரசுக் கட்சியின் மிதவாதிகளும் கைகோத்து நிறைவேற்றிய சட்டமே. நூறு டாலருக்குச் சாமான் வாங்கும் குடும்பம் ஒரு டாலர் அதிகமாகக் கொடுக்க நேர்ந்தது. இதை மறைப்பதிலோ மழுப்புவதிலோ எனக்குச் சம்மதமில்லை. ஆனால் அந்தச் சிறிய அட்டையில் வாக்களித்த ஆண்டுக்கு இடமிருந்ததேயன்றி, அந்த வாக்குக்கு முன்னால் கழிந்த நெருக்கடி மாதங்களுக்கு ஒரு வரிகூட இடமில்லாமற் போயிற்று. ஆகவே அந்த மாதங்களைப் பற்றியே சற்று விரிவாகச் சொல்ல வேண்டியிருக்கிறது.

வாஷிங்டனில் உள்ள மத்திய அரசு பற்றாக்குறை வந்தால் கடன் வாங்கிச் சமாளித்துக்கொள்ளும். கான்சாஸ் மாநிலத்துக்கு அந்த வசதி கிடையாது. கையிருப்புக்கும் வரவுக்கும் உட்பட்டே செலவு செய்ய வேண்டும் என்பது அங்கே சட்டம். ஆண்டுக்கு இருமுறை, நவம்பரிலும் ஏப்ரலிலும், அரசு அதிகாரிகளும் பல்கலைக்கழகப் பொருளாதார நிபுணர்களும் கூடி உட்கார்ந்து, வரப்போகும் வருமானம் இவ்வளவு என்று ஒரு மதிப்பீட்டைச் சொல்லுவார்கள். அந்த மதிப்பீட்டின்மேல்தான் சட்டமன்றம் வரவு செலவுத் திட்டத்தைக் கட்ட முடியும். 2008ஆம் ஆண்டு நாடெங்கும் மூண்ட பொருளாதார மந்தம் கான்சாஸையும் தொட்ட பிறகு, அந்த மதிப்பீடு கூட்டத்துக்குக் கூட்டம் இறங்கிக்கொண்டே வந்தது. சுமார் 600 கோடி டாலராக இருந்த பொதுநிதிச் செலவு, ஒரே ஆண்டில் 530 கோடியை ஒட்டிக் குறைக்கப்பட்டது.

அந்தப் பொதுநிதியில் ஏறத்தாழப் பாதி பள்ளிக்கூடங்களுக்கே போகிறதாதலால், வெட்டு எங்கே விழுந்திருக்கும் என்பதை ஊகிப்பது கடினமன்று. மாணவன் ஒருவனுக்கு மாநிலம் கொடுத்துவந்த அடிப்படை உதவித் தொகை 4,400 டாலரிலிருந்து 4,012 டாலராக இறங்கியது. ஏழைகளின் மருத்துவத்துக்கான மெடிகெய்ட் திட்டத்தின் கீழ் மருத்துவர்களுக்கும் பராமரிப்பு இல்லங்களுக்கும் கொடுக்கும் தொகையில், 2010 ஜனவரி முதல் பத்து சதவீதம் பிடித்துக்கொள்ளப்பட்டது. வரி என்ற பேச்சை எடுக்கும் முன்னரே, கவர்னர் மார்க் பார்க்கின்சனும் சட்டமன்றமும் தவணை தவணையாகச் செலவைக் குறைத்துப் பார்த்துவிட்டார்கள். இதையெல்லாம் செய்து முடித்த பிறகும் கணக்கு நேராகாத நிலையில்தான் அந்த ஒரு சதவீதம் வந்தது. அதுவும், 2013 ஜூலையில் 5.7 சதவீதமாகத் தானே இறங்கும்படி கெடு குறிக்கப்பட்ட தற்காலிக ஏற்பாடாகவே வந்தது. செலவைக் குறைத்த அதே சட்டமன்றத்தை ஊதாரித்தனத்துக்கு உதாரணமாகக் காட்டுவது எந்த நியாயம்?

ஒரு ஆட்சேபணைக்கு மட்டும் நான் தலைவணங்குகிறேன். கான்சாஸில் அன்று ரொட்டிக்கும் பாலுக்கும்கூட முழு விற்பனை வரி உண்டு. ஆகவே வரி ஏறும்போது அதன் பாரம் எளியவன் வீட்டு அடுப்பில்தான் முதலில் தெரியும். வருமான வரியைச் சிறிது கூட்டியிருந்தால் அது நீதிக்கு இன்னும் இசைவாக இருந்திருக்கும் என்பது என் அபிப்பிராயம். ஆனால் எளியவர்களுக்கு உணவுப் பொருள் வரியில் ஒரு பகுதியைத் திருப்பிக் கொடுக்கும் ஏற்பாடு ஒன்று அங்கே நெடுநாளாக இருந்துவந்தது. அதை ஒழித்தது 2010ஆம் ஆண்டுச் சட்டமல்ல, வரிக் குறைப்பு என்று கொண்டாடப்பட்ட 2012ஆம் ஆண்டுச் சட்டம்.

அந்த 2012ஆம் ஆண்டுச் சட்டத்தின் வரலாறு இன்னும் வேதனையானது. பார்க்கின்சனுக்குப் பின் வந்த கவர்னர் சாம் பிரௌன்பேக் விரும்பிய பெரும் வரிக் குறைப்பு, மோரிஸ் தலைமை வகித்த செனட்டில் 20க்கு 20 என்று சமநிலையில் நின்று தோற்றது. பேச்சுவார்த்தை தொடர வேண்டுமானால் ஏதேனும் ஒரு மசோதா உயிரோடு இருக்க வேண்டும் என்று கவர்னர் தரப்பிலிருந்து வந்த வேண்டுகோளின்பேரில், செனட் மறுபரிசீலனை செய்து அதை நிறைவேற்றி அனுப்பியது. சமரசம் கனியும் என்று மிதவாதிகள் எதிர்பார்த்திருக்க, கீழ்ச்சபை அதே மசோதாவை அப்படியே ஏற்றுக்கொண்டது; மே 22ஆம் தேதி கவர்னர் கையெழுத்திட்டார். கவர்னர் தரப்பின் பேச்சை நம்பியது மிதவாதிகளுடைய பிழையென்றால், அந்தப் பிழையை ஒப்புக்கொள்ளலாம். மூன்று மாதத்துக்குள் இவர்களையே மக்களின் பணத்தைச் சூறையாடியவர்களாகச் சித்திரித்ததை எப்படி ஒப்புக்கொள்வது?

பின்னால் நடந்ததெல்லாம் பிரத்தியட்சம். உச்ச வருமான வரி விகிதம் 6.45லிருந்து 4.9ஆக இறங்கியது; சொந்தத் தொழில் நடத்துவோர் மூன்று லட்சத்துக்கு மேற்பட்டோரின் தொழில் லாபத்துக்கு மாநில வருமான வரியே இல்லையென்றாயிற்று. கடைக்காரர் தம் லாபத்துக்கு ஒரு காசும் கட்ட வேண்டாம். அவரிடம் கல்லாவில் நிற்கும் பெண் தன் சம்பளத்துக்குக் கட்ட வேண்டும். 2014ஆம் நிதியாண்டில் வரி வருமானம் சுமார் 70 கோடி டாலர் சரிந்தது. கடன் தகுதியை மதிப்பிடும் நிறுவனங்களான மூடீஸும் ஸ்டாண்டர்ட் அண்ட் புவர்ஸும் அதே ஆண்டில் மாநிலத்தின் கடன் தகுதியை இறக்கின. நெடுஞ்சாலைகளுக்கென்று ஒதுக்கிய பணம் பொதுநிதிக்கு இழுக்கப்பட்டது. 2015ஆம் ஆண்டு வசந்தத்தில் சில பள்ளி மாவட்டங்கள் பணமில்லாமல் பாட நாட்களைக் குறைத்து முன்னதாகவே கதவடைத்தன. யாரை வரி உயர்த்தியவர்கள் என்று தூற்றினார்களோ அவர்கள் போன பிற்பாடு, கெடுப்படி 5.7ஆக வேண்டிய விற்பனை வரி 2013இல் 6.15இலேயே நிறுத்தப்பட்டு, 2015இல் 6.5ஆகவும் ஏற்றப்பட்டது. மோரிஸ் வாக்களித்த விகிதத்தைவிட இது அதிகம். ரொட்டிக்கும் பாலுக்கும் சேர்த்துத்தான்.

2017 ஜூன் 6ஆம் தேதி, குடியரசுக் கட்சியே இரு சபைகளிலும் பெரும்பான்மை வகித்த அதே சட்டமன்றம், தொழில் லாபத்துக்கு அளித்திருந்த விலக்கை நீக்கி, உச்ச வருமான வரி விகிதத்தை 5.7ஆக உயர்த்தும் மசோதாவை, பிரௌன்பேக்கின் மறுப்பாணையை மீறிச் சட்டமாக்கியது. மறுப்பாணையைத் தள்ளுபடி செய்ய செனட்டில் 27 வாக்குகள் வேண்டும். சரியாக 27 கிடைத்தன. கீழ்ச்சபையில் 84 வேண்டியிருக்க, 88 பேர் எழுந்து ஆமென்றார்கள்.