'ஒப்ஸ்டக்கிள் டு' என்றால் அடுத்து என்ன?

முறிகண்டியில் ஏ-9 வீதியை விட்டு மேற்கே திரும்பினால் அக்கராயனுக்குப் போகலாம். மாரி மழையில் அந்த வீதியில் வெள்ளம் நின்றால் பள்ளிக்கூடம் போவது பெரும்பாடு. இதை ஆங்கிலத்தில் எழுதச் சொன்னால், சாதாரண தரம் படிக்கும் பிள்ளைகள் பலர் 'த ஃபிளட் இஸ் ஒப்ஸ்டக்கிள் டு கோ டு ஸ்கூல்' என்று எழுதுவார்கள். கருத்து விளங்குகிறது. ஆனால் இரண்டு பிழைகள் இருக்கின்றன.

முதலாவது சின்னப் பிழை. தமிழில் 'தடை' என்றாலே போதும். ஆங்கிலத்தில் ஒப்ஸ்டக்கிள் எண்ணக்கூடிய பெயர்ச்சொல். ஒன்றென்றால் 'ஆன் ஒப்ஸ்டக்கிள்', பல என்றால் 'ஒப்ஸ்டக்கிள்ஸ்'. வெறுமனே விடக்கூடாது.

இரண்டாவதுதான் நன்றாகப் படித்த பிள்ளைகளையும் மாட்டிவிடுகிறது. ஆங்கிலத்தில் 'டு' இரண்டு வேலை செய்கிறது. 'டு கோ' என்பதில் வினைச்சொல்லோடு ஒட்டி வருகிறது. 'டு ஸ்கூல்' என்பதில் நம்முடைய நான்காம் வேற்றுமை 'கு' செய்யும் வேலையைச் செய்கிறது. ஒப்ஸ்டக்கிளுக்குப் பின்னால் வருவது இந்த இரண்டாவது 'டு'. ஆகவே அடுத்துப் பெயர்ச்சொல் வரவேண்டும். வினை வந்தால் 'இங்' சேரவேண்டும்.

இதை மனப்பாடம் செய்யத் தேவையில்லை, தமிழே சொல்லித்தருகிறது. 'போவதற்குத் தடை' என்பதைப் பிரித்துப் பாருங்கள்: போவது, அதோடு கு. போவது என்பது 'கோயிங்', கு என்பது 'டு'. 'ஆன் ஒப்ஸ்டக்கிள் டு கோயிங் டு ஸ்கூல்' என்று எழுதினால் சரி. பெயர்ச்சொல்லோடு எழுதினால் இன்னும் இயல்பாக இருக்கும். 2009 இல் போர் முடிந்தபின் வன்னியில் மக்கள் ஊர் திரும்பக் கண்ணிவெடிகள் தடையாக இருந்தன: 'லேண்ட்மைன்ஸ் வேர் ஆன் ஒப்ஸ்டக்கிள் டு ரீசெட்டில்மென்ட்'. யாருக்குத் தடை என்று ஆளைச் சொல்லும்போது 'ஃபோர்' போடலாம்: 'ஃபோர் த சில்ட்ரன்'.

எந்த வினையோடு சேர்ப்பது என்பதையும் கவனியுங்கள். 'சோல்வ்' பிரச்சினைக்கு உரியது, தடைக்குப் பொருந்தாது. தடை இல்லாமலே போய்விட்டால் 'ரிமூவ்'. கண்ணிவெடி அகற்றுபவர்கள் செய்தது அது. தடை இருக்கும்போதே அதைத் தாண்டினால் 'ஓவர்கம்'. போரில் இடம்பெயர்ந்து செட்டிகுளம் மெனிக் பாம் முகாமில் இருந்தபடியே 2009 இல் உயர்தரப் பரீட்சை எழுதிய பிள்ளைகளைப் பற்றி எழுதும்போது இந்தச் சொல்லைத்தான் போடவேண்டும்: 'தே ஓவர்கேம் மெனி ஒப்ஸ்டக்கிள்ஸ்'.