வடதுருவப் பனியும் பழவேற்காட்டு மணலும்

"வடதுருவத்தில் பனி உருகினால் பொன்னேரியிலிருக்கும் நமக்கென்ன, ஹஜ்ரத்?" மாலை மதரஸாவில் ஒரு மாணவன் வினவினான். மிதக்கும் பனி உருகிக் கடலைப் பெருக்கும் என்று தயங்காமல் விடையளித்தேன். அது பிழையென்று மறுநாள் அவனே மெய்ப்பித்தான். கண்ணாடிக் குவளையில் ஐஸ்கட்டியை மிதக்கவிட்டு, நீர்மட்டத்தில் மையால் கோடிட்டான். கட்டி முழுதும் கரைந்தும் மட்டம் ஏறவில்லை.

கலைப் பட்டம் பெற்றவனுக்கு இது தேவைதான்! நூல்களைப் புரட்டினேன். பின்னர் வேறொரு குவளையில் கூழாங்கற்களைக் குவித்து, நீருக்கு மேலே பனிக்கட்டியை வைத்தோம். உருக உருகக் கோட்டைத் தாண்டியது நீர். கடலைப் பெரிதும் உயர்த்துவது கிரீன்லாந்து போன்ற நிலங்களின்மேல் படிந்த பனியே. வெப்பத்தால் கடல்நீர் விரிவதும் சேர்ந்துகொள்கிறது. 1901 முதல் 2018 வரை உலகக் கடல்மட்டம் சுமார் 20 செ.மீ. உயர்ந்துள்ளது.

அப்படியாயின் மிதக்கும் பனி உருகுவதால் கேடில்லையா? உண்டு. அலாஸ்காவின் ஷிஷ்மரெஃப் தீவுக் கிராமத்திற்குப் புயலலைகளைத் தடுக்கும் அரண் கரையோரக் கடற்பனியே. இப்போது அது தாமதமாக உறைவதால் அலைகள் கரையை அரிக்கின்றன. உறைந்து கிடந்த மண்ணும் இளகுகிறது. 2016-இல் அவ்வூரார் ஊரையே இடம்பெயர்க்க வாக்களித்தனர்.

பழவேற்காட்டு முகத்துவாரம் மணலால் தூர்வதையும் மாணவர் இதனோடு இணைத்தனர். அதற்குப் பனி காரணமன்று, அலைகள் கரையோரமாக மணலை நகர்த்துவதே காரணம் என்று திருத்தினேன். அவ்வூரைச் சேர்ந்த சிறுவன் மட்டும் விடவில்லை.

"ஊரைப் பெயர்த்தால் மையவாடியை என்ன செய்வார்கள், ஹஜ்ரத்?"

அதற்கு என்னிடம் விடையில்லை. வரும் ஞாயிறன்று அனைவரையும் அக்கரைக்கு அழைத்துச்செல்ல இசைந்துள்ளேன்.