சூதும் கணக்கும்

சூதில் நாடிழந்த நளன், பின்னர் அதே சூதில் நாட்டை மீட்டான் என்பது நாம் பள்ளியில் படித்த கதை. இடையில் நடந்ததைப் பலர் மறந்துவிடுகிறோம். தேரோட்டியாய் மறைந்து வாழ்ந்த நளனுக்கு, அயோத்தி மன்னன் இருதுபன்னன் ஒரு தான்றி மரத்தில் எத்தனை காய் உண்டு என்பதை எண்ணாமலே சொல்லிக் காட்டுகிறான். அந்தக் கலையைக் கற்ற பின்னரே நளன் மறுபடியும் ஆடப் போகிறான். சூதுக்குள் கணக்கு ஒளிந்திருப்பதை நம் முன்னோர் அறிந்தே இருந்தனர். ஐரோப்பாவில், பாதியில் நின்ற ஓர் ஆட்டத்தின் பந்தயப் பணத்தை எப்படிப் பங்கிடுவது என்று பாஸ்கலும் ஃபெர்மாவும் 1654-இல் கடிதம் எழுதிக்கொண்டதிலிருந்துதான் நிகழ்தகவுக் கணிதம் வளர்ந்தது.

தாபோடியில் தமிழ் மாணவர் ஐவர் தங்கியிருக்கும் எங்கள் அறையில் ஞாயிறு மாலைகளில் போக்கர் நடைபெறும். காசு கிடையாது, ஊர்ப் புளியிலிருந்து எடுத்த கொட்டைகளே எங்கள் நாணயம். சீட்டு என்றதும் முகஞ்சுளிக்கும் அன்பர்கள் இதற்காகவேனும் மேலே படிக்கலாம்.

ஆட்டம் எளிது. ஒவ்வொருவருக்கும் மறைவாய் இரண்டு சீட்டு. எல்லாருக்கும் பொதுவாக நடுவில் ஐந்து சீட்டுகள் படிப்படியாய்த் திறக்கப்படும். ஏழில் சிறந்த ஐந்தைக் கொண்டவர் வெல்வார். இடையிடையே பந்தயம் கட்டலாம். பிடிக்காவிட்டால் சீட்டைக் கவிழ்த்து விலகலாம்.

ஓர் ஆட்டத்தைக் காண்போம். நண்பர் கையில் இரண்டு ஆட்டின்; நடுவே திறந்த நான்கில் இரண்டு ஆட்டின். கடைசிச் சீட்டும் ஆட்டினாய் வந்தால் ஐந்தும் ஓரினம். அதற்கு ஃபிளஷ் என்று பெயர். அது வந்தால் வெற்றி, வராவிட்டால் தோல்வி என்று கொள்வோம். நடுவில் 80 கொட்டை கிடக்கிறது. எதிராளி 20 வைக்கிறார். நண்பரும் 20 வைப்பதா, விலகுவதா?

“இன்று எனக்கு ராசியில்லை” என்றார் நண்பர். ராசி கிடக்கட்டும், எண்ணிப் பாருங்கள். அவர் காணாத சீட்டுகள் 46. அவற்றில் ஆட்டின் 9. எனவே வெல்லும் தகவு 46-க்கு 9. ஏறத்தாழ ஐந்தில் ஒன்று. இதே நிலை 46 முறை வந்தால், சராசரியாக ஒன்பது முறை நூறு நூறாய் 900 வரும். முப்பத்தேழு முறை இருபது இருபதாய் 740 போகும். மிச்சம் 160. ஆகவே வைக்கலாம்.

எதிராளி 20-க்குப் பதில் 40 வைத்திருந்தால்? வரவு 1080, செலவு 1480. விலகுவதே முறை. கையிலுள்ள சீட்டு மாறவில்லை, தகவும் மாறவில்லை. கேட்கப்பட்ட விலைதான் மாறிற்று. கடைக்காரர் சொன்ன விலையைக் கேளாமல் கத்தரிக்காய் வாங்குவோமா? சீட்டில் மட்டும் அதைத்தான் பெரும்பாலோர் செய்கின்றனர். “நான்கு முறை வரவில்லை, இம்முறை வந்தே தீரும்” என்பாரும் உண்டு. கலைத்த கட்டுக்குப் பழைய ஆட்டம் நினைவிருப்பதில்லை.

எதிராளியும் இக்கணக்கு அறிந்தவராயின் ஆட்டம் சுவைபெறும். நல்ல சீட்டு வரும்போது மட்டுமே பந்தயம் கட்டுபவரை எளிதில் கண்டுகொள்ளலாம்; அவர் கட்டியதும் அனைவரும் விலகிவிடுவர். எனவே சிலபோது வெறுங்கையோடும் கட்ட வேண்டும். 1944-இல் மார்கென்ஸ்டர்னுடன் சேர்ந்து வெளியிட்ட நூலில் ஃபான் நாய்மன் இப்பொய்ப் பந்தயத்தையே கணிதமாக்கினார். கடைசிச் சீட்டும் திறந்தபின் நடுவிலுள்ள அளவே பந்தயம் கட்டுகிறீர்கள் என்றால், மூன்றில் ஒரு முறை அது பொய்யாய் இருக்கலாம். அப்போது எதிராளி பார்த்தாலும் விலகினாலும் அவருக்கு ஒன்றே. எந்த முறை பொய் என்பதை முகபாவம் தீர்மானிக்கக் கூடாது. கடிகாரத்தின் விநாடி முள் தீர்மானிக்கட்டும்!

இவ்வளவும் தெரிந்தவர் காசு வைத்து ஆடலாமே என்பீர்கள். மேற்சொன்ன 20 கொட்டை முடிவு சரியானது. ஆனால் அதைப் பத்து முறை எடுப்பவருக்குப் பத்து முறையும் ஆட்டின் வராமற் போகும் தகவு ஏறத்தாழ நூற்றுக்குப் பதினொன்று. சராசரி தன் வேலையைக் காட்டுமுன் மாத உதவித்தொகை தீர்ந்துவிடும். மெஸ் பில் சராசரிக்காகக் காத்திராது.

ஆட்டம் நடத்துவோர் எடுக்கும் பங்கு வேறு. நூற்றுக்கு ஐந்து என்று வைத்துக்கொள்வோம். வென்ற ஒவ்வொரு முறையும் நடுவில் கிடக்கும் 120-இல் 6 போகும். ஒன்பது வெற்றிக்கு 54. நாம் கண்ட 160 மிச்சத்தில் மூன்றிலொரு பங்கு போயிற்று. நம்மைவிடச் சிறிது குறைந்த ஆட்டக்காரருக்கு மிச்சமே இராது. ரம்மியும் போக்கரும் திறமை ஆட்டங்கள் என்று 2023 நவம்பரில் சென்னை உயர்நீதிமன்றம் கூறியது. திறமை, வாய்ப்பு என்று பாராமல், இணையவழியில் பணம் கட்டி ஆடும் ஆட்டங்களைத் தடைசெய்து நாடாளுமன்றம் 2025 ஆகஸ்டில் சட்டம் இயற்றியது. திறமை உண்டு என்ற தீர்ப்பை நானும் ஏற்கிறேன். அந்த 54-ஐ எடுத்துக்கொள்பவருக்கு மட்டும் எந்தத் திறமையும் தேவைப்படுவதில்லை.