பலகைக் கணினியும் நூல் வாசிப்பும்

ஏட்டுச்சுவடி படித்த நம் முன்னோர்க்குப் பக்கத்தின் அளவைப் பற்றிய ஐயம் எழுந்ததில்லை; பனையோலையே அதனை வரையறுத்தது. அச்சு நூல் வந்தபின் அவ்வளவை அச்சகத்தார் தீர்மானித்தனர். பலகைக் கணினி வாங்கப் புகுவோனோ, தான் இனிப் படிக்கும் பக்கம் எவ்வளவினதாய் இருத்தல் வேண்டும் என்பதைத் தானே தீர்மானிக்கின்றான். தீர்மானிக்கின்றோம் என்பதை அறியாமலே பலர் தீர்மானித்தும் விடுகின்றனர். விலையையும் நிறத்தையும் விற்போர் கூறும் எண்களையும் மாத்திரம் நோக்கி வாங்கிய கருவி, சின்னாளில் படம் பார்ப்பதற்கன்றி வேறொன்றுக்கும் உதவாது கிடத்தல் கண்கூடு. நூல் வாசிக்கும் மாணவனுக்கு இக்கருவி பயன்படுமா, பயன்படுமாயின் எத்தகையதைத் தெரிதல் வேண்டும் என்பவற்றை ஈண்டு நோக்குவாம்.

இக்கருவி பற்றிய எண்ணம் புதியதன்று. 1972 ஆம் ஆண்டில் அமெரிக்க அறிஞர் அலன் கே என்பார், சிறுவர் கையிலேந்திப் பயன்படுத்தத்தக்க ‘டைனபுக்’ என்னுங் கணினியைக் கட்டுரையொன்றில் விவரித்தார். அவர் கருதியது, சிறுவர் தாமே எழுதவும் வரையவும் ஆக்கவும் உரிய கருவி. 2010 ஏப்பிரிலில் விற்பனைக்கு வந்து உலகெங்கும் பரவிய ‘ஐபேட்’ முதலியனவோ பெரும்பாலும் நோக்குதற்கும் படித்தற்குமே உரியனவாயின. இவ்வேறுபாட்டை மனத்திற் கொள்ளல் வேண்டும். கண்ணாடித்திரையில் தோன்றும் விசைப்பலகை திரையின் பெரும்பகுதியை மறைத்துவிடும். அதிலே பத்துப் பக்கக் கட்டுரை எழுதுதல் பொறுமையைச் சோதிப்பதாகும். தனி விசைப்பலகை வாங்கிப் பொருத்தினால் மொத்தச் செலவு மடிக்கணினியின் விலையை நெருங்கும். ஆதலின், எழுதுதலே முதன்மைத் தேவையாயின் மடிக்கணினியை வாங்குதலே தக்கது.

வாசிப்புக்கு வருவோம். தமிழ் நூல்கள் திரைக்கு இருவகையாக வருகின்றன. 1998 இல் தொடங்கிய மதுரைத் திட்டத்தார் நூல்களை எழுத்துக் கோப்பாகத் தருகின்றனர். இவ்வகையில் எழுத்தைப் பெருப்பித்தால் வரிகள் தாமே மடங்கி அமையும். சிறு திரையும் போதும். 2005 இல் தொடங்கிய ‘நூலகம்’ என்னும் எண்ணிம நூலகத்திலோ பெரும்பாலானவை அச்சுப் பக்கங்களின் படங்களே. 1981 இல் யாழ்ப்பாணப் பொது நூலகம் எரியுண்ட பின்னர், ஈழத்துப் பழைய நூல்களையும் சஞ்சிகைகளையும் தேடுவோர் பலர்க்கு இப்படங்களே கைக்கெட்டும் வழியாயுள்ளன. படத்திலே வரி மடங்காது. பெருப்பித்தால் பக்கம் திரைக்கு வெளியே சென்றுவிடும். ஒவ்வொரு வரிக்கும் விரலால் இடமும் வலமும் இழுத்துப் படிக்க நேரும். இவ்வாறு ஓர் அதிகாரத்தைப் படித்து முடித்தவர் மிகச் சிலரே.

இங்கேதான் கணக்கு வேண்டும். விற்போர் கூறும் அங்குலம் திரையின் அகலமன்று, மூலைவிட்டத்தின் நீளம். நீண்டொடுங்கிய ஏழங்குலத் திரையின் அகலம் ஏறத்தாழ 3½ அங்குலமே. நம் பழைய நூல்கள் பலவற்றுக்குரிய கிரவுண் அளவுப் பக்கமோ ஏறக்குறைய 5 அங்குல அகலமும் 7½ அங்குல உயரமும் உடையது. ஆகவே அப்பக்கம் ஏழங்குலத் திரையில் பத்தில் ஏழு பங்காகச் சுருங்கும். பத்தங்குலத் திரையிலோ முழு அளவில் அடங்கும். ஏ4 தாளில் அமைந்த ஆய்வேடு பத்தங்குலத்திலும் மூன்றில் இரு பங்காகவும், ஏழங்குலத்தில் பாதிக்குங் குறைவாகவும் சுருங்கிவிடும். பக்கத்தின் வெற்று ஓரங்களை வெட்டிக் காட்டும் மென்பொருள்கள் இக்குறையைச் சற்றே தணிக்கும்.

திரையின் நுண்மையும் கருதத்தக்கது. முதல் ஐபேட்டில் அங்குலத்துக்கு 132 படப்புள்ளிகளே இருந்தன. 2012 இல் வந்த மூன்றாந் தலைமுறையில் அவை 264 ஆயின. ஆங்கில எழுத்து சற்று மங்கினும் பொருள் விளங்கும். தமிழிலோ மெய்யெழுத்தின் தலைப்புள்ளி மறைந்தால் சொல்லே மாறிவிடும். மை மங்கிய பழம்பதிப்புக்களில் இத்தொல்லை பெரிது.

மலிவு கருதி ஏமாறுதலும் உண்டு. 2011 ஒற்றோபரில் இந்திய அரசு மாணவர்க்கென அறிமுகஞ் செய்த ‘ஆகாஷ்’ விலையில் மிகக் குறைந்ததே. ஆயினும் அதன் திரை விரல் பட்ட அளவில் உணராது, அழுத்தினாலன்றி இயங்காத வகையினதாய் இருந்தமையால், பயன்படுத்தியோர் சலிப்புற்றனர். விலை மிகுந்தனவும் நெடுங்காலம் நிலைப்பனவல்ல. 2010 இல் வந்த முதல் ஐபேட்டுக்கு 2012 உடன் புதிய மென்பொருள் நின்றுவிட்டது. கருவி பழுதுறாதிருப்பினும், மென்பொருள் இற்றைப்படுத்தல் நின்றபின் செயலிகள் ஒவ்வொன்றாக இயங்க மறுக்கும். எனவே பழைய கருவியை மலிவாக வாங்குவோர், உற்பத்தியாளர் இன்னும் எத்தனை ஆண்டு இற்றைப்படுத்தல் தருவர் என்பதை முதலில் வினவுதல் வேண்டும். சேமிப்பிடத்தைப் பற்றி இத்துணைக் கவலை வேண்டா. நூல் வாசிப்புக்கு மட்டுமாயின் மிகப் பெரிய சேமிப்பிடத்துக்கு மிகுபணம் கொடுத்தல் வீண்.

இத்தனையும் பொருந்தினும் திரைவாசிப்பு தாள்வாசிப்புக்கு ஈடாகுமா என்பது வேறு வினா. நோர்வேயில் பத்தாம் வகுப்பு மாணவர் 72 பேரைக் கொண்டு செய்யப்பட்டு 2013 இல் வெளிவந்த ஆய்வொன்றில், தாளிற் படித்தோரே கணினித்திரையிற் படித்தோரினும் பொருளை நன்குணர்ந்தமை காணப்பட்டது. பலகைக் கணினி அவ்வாய்வில் இடம்பெறவில்லை. எனினும், பரீட்சைக்கு ஊன்றிக் கற்கும் பாடநூல் தாளிற் கிடைக்குமாயின் அதனை விடுத்துத் திரையை நாடுதற்கு நியாயமில்லை என்றே யாம் கருதுகின்றோம். கிடைத்தற்கரிய நூலுக்கே இக்கருவி பெருந்துணை.

வாங்கச் செல்வோர், தாம் உண்மையிற் படிக்கவேண்டிய பழைய நூலொன்றின் பக்கங்களைச் சேமிப்பானொன்றில் உடன்கொண்டு செல்க. கடையிலே அவற்றைத் திறந்து, பெருப்பிக்காமல், கையிலேந்தியவாறு கால்மணி நேரம் படித்துப் பார்க்க. கடைக்காரர் முகஞ் சுளித்தால் வேறு கடை நாடுக.